ஞானத்தாய் வரும் வரை

றொசல்ல
20-5-1956

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி லூர்தம்மாளுக்கு மதினி அந்தோனியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணனும் இங்கே சுகம். கந்தப்பளைக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரர் றோலண்ட் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

ஒன்பதாம் தேதி புதன்கிழமை காலையில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணம் ஆகி ஐந்து வருடம் கழித்து அந்தோனியார் காது கொடுத்திருக்கிறார். செய்தி கேட்டதும் உன் அண்ணன் தேயிலை பெக்டரியிலிருந்து ஓடிவந்தவர், பிள்ளையைக்கூடப் பார்க்காமல் நேரே கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார். பூசையும் இல்லை, செபமும் இல்லை. யார் செத்தது என்று லயத்து வீடுகளிலிருந்த ஜனமெல்லாம் வெளியே வந்து நின்றதாம். உபதேசியார் லியனார்ட் அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்து, "என்னய்யா செபமாலை, காலைப் பெரட்டுக்கு வேலையாள் கூப்பிடுறியா?" என்று சத்தம் போட, "எம் மகளுக்கு அடிக்காம வேற யாருக்கு அடிக்கிறது?" என்றாராம் இவர்.

நீதான் ஞானத்தாய். பாவாடை கட்டிய காலத்திலேயே, பீடத்துத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நாம் இருவரும் பேசி முடித்த விஷயம் இது. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். பெயரை நீதான் தேடிவைக்க வேண்டும். ஞானஸ்நானத்தின்போது சுவாமி கேட்கும் வரை பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது. அதுவரைக்கும் இவள் வெறும் பாப்பாதான்.

ஹட்டனிலிருந்து சுவாமி வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வருவார். ஜூன் பத்தாம் தேதி அந்தோனியார் திருநாளும் சேர்ந்து வருகிறது. சனிக்கிழமையே வந்துவிடு. நீ போன பிறகு பீடத்துத் துணிக்கு நீலம் போட ஆளில்லாமல் நான் போட்டு, அது திட்டுத்திட்டாக நிற்கிறது. வந்து பார்த்துச் சிரித்துக்கொள்.

இப்படிக்கு,
அந்தோனியம்மாள்


கந்தப்பளை
3-6-1956

சேசு மரி சூசை.

என் மதினிக்கு லூர்து எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். அண்ணனும் நீங்களும் பாப்பாவும் நல்ல சுகத்தோடு இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன்.

இவர் மரக்கறிக் கடையிலிருந்து உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். "அண்ணன் மணி அடிச்சாராம்" என்ற இடம் வந்தபோது நான் அழுதுகொண்டே சிரித்தேன். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் பெயர் மனசில் வந்துவிட்டது. தேடவே இல்லை. "எனக்கு மட்டும் சொல்லேன்" என்றார் இவர். "சாமியார் முன்னாடி நின்னு கேட்டுக்குங்க" என்றேன்.

ஆனால் மதினி, ஜூனில் என்னால் வர முடியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. போன இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் தாண்டாமல் போனது உங்களுக்குத் தெரியும். மருத்துவச்சி காளியாயி இப்போதே மிரட்டுகிறாள். "மூணு மாசம் முடியாம அந்த வளைவு ரோட்டுல பஸ் ஏறினேன்னு வச்சுக்க, அப்புறம் எம் மூஞ்சியில முழிக்காத" என்கிறாள். மூன்று மாதம் முடியும் வரை வேறு யார் காதிலும் இது விழ வேண்டாம். கண் பட்டால் எனக்குத் தாங்காது.

ஜூலைப் பூசைக்குக் கட்டாயம் வருகிறேன். ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் வேறு யாரையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் செத்தாலும் உங்களோடு பேசமாட்டேன். பாப்பாவுக்கு வெள்ளைச் சட்டை தைக்க ஆரம்பித்துவிட்டேன். கழுத்தில் சிறிய பூவேலை வைக்கிறேன்.

உங்கள் லூர்து


றொசல்ல
24-6-1956

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள லூர்து, நாங்கள் சுகம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். கனமான குடம் தூக்காதே.

திருநாள் மழையோடு நடந்தது. சப்பரத்தின் மேல் தார்ப்பாயை விரித்து, அதற்குள் அந்தோனியாரை நனையாமல் கொண்டுபோனோம். தூக்கினவர்கள்தான் நனைந்தார்கள். பூசை முடிந்து சுவாமி பாப்பாவைக் கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "ஏம்மா தள்ளிப்போடுறீங்க? ஞானத்தாய் வரலைன்னா வேற ஒருத்தங்கள வச்சுக்கலாமே" என்றார். "இல்ல சாமி, வருவாங்க" என்றேன். "என்ன காரணம்?" என்று மறுபடியும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் செய்தியை நான் எப்படி வாயில் எடுப்பேன்? அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் போன பிறகு லியனார்ட் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "அந்தோனியம்மா, பச்சப் புள்ள. மழைக்காலம். அவசரம்னா சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல. தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நான வார்த்தையச் சொன்னா போதும். யார் ஊத்தினாலும் செல்லும். ஞாபகம் இருக்குல்ல?" என்றார். ஞாபகம் இருக்கிறது. ஞானோபதேச வகுப்பில் நாம் இருவரும் பூசணிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றிப் பழகினோமே.

ஆனால் அப்படி வீட்டில் வைத்து ஊற்றிய பிள்ளை ஒன்றுகூடத் தங்கியதில்லை என்று நம் லயத்தில் இருக்கிற பேச்சும் உனக்குத் தெரியும். "என்னண்ணே அவசரம்? இவளுக்கு மூக்குத்தான் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாப்பாவுக்கு உன் அண்ணனின் நெற்றி. மணிச்சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்க்கிறாள். ஜூலை எட்டாம் தேதிக்கு எதிர்பார்க்கிறோம்.

அந்தோனியம்மாள்


கந்தப்பளை
15-7-1956

சேசு மரி சூசை.

மதினிக்கு லூர்து எழுதுவது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே எல்லாரும் சுகமா?

ஏழாம் தேதி சனிக்கிழமை நாங்கள் இருவரும் புறப்பட்டு நானுஓயா வரைக்கும் வந்தோம். அந்தப் பக்கம் மண் சரிந்து ரயில் நிற்கிறது என்றார்கள். சட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்கு ஓடாது நோனா, வீட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷன்காரர் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இவர்தான் கையைப் பிடித்து எழுப்பினார்.

திரும்பி வந்த மறுநாள் எனக்குக் கொஞ்சம் இரத்தம் பட்டது. காளியாயி வந்து பார்த்தாள். காலுக்குத் தலையணை வைத்துப் படுக்கப்போட்டிருக்கிறாள். பிள்ளை நிற்கிறது என்கிறாள். பயப்படும்படியான செய்தி ஒன்றும் காதில் விழக்கூடாது என்று இவருக்கும் கட்டளை. பக்கத்து வீட்டில் ஆடு செத்ததைக்கூட எனக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். கறி வாசனை வந்தபோதுதான் தெரிந்தது.

வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. ஆகஸ்டுப் பூசை வரைக்கும் பாருங்கள் மதினி. அதற்குள் எழுந்துவிடுவேன்.

சட்டையை லொறிக்காரர் பொன்னையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். போட்டுப் பார்க்க வேண்டாம். ஞானஸ்நானத்தன்று நான்தான் முதலில் போட்டுவிட வேண்டும்.

லூர்து


றொசல்ல
29-7-1956

அன்புள்ள மாப்பிள்ளை றோலண்ட் அவர்களுக்கு மச்சான் செபமாலை எழுதுவது.

இதைக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எங்கள் பாப்பா புதன்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு இறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை சளி நெஞ்சில் இறங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பால் குடித்தாள், தெளிந்துவிட்டது என்று நினைத்தோம். புதன்கிழமை காலையில் மூச்சு வேறு மாதிரி இருந்தது. லியனார்ட் அண்ணன் ஹட்டனுக்குப் போயிருந்தார். தண்ணீர்க் குடம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. "ஊத்திரவா?" என்று கேட்டேன். "வேணாங்க. ஊத்தினா நம்மளே விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும்" என்றாள் அந்தோனியம்மா. நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

சாயங்காலம் லியனார்ட் அண்ணன் வந்தார். அவளிடம் பேச முடியாமல் என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை சுவாமி மந்திரித்த கல்லறை மண்ணில் வைக்க முடியாது என்று சட்டம். அதைச் சொல்லிமுடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கல்லறை வேலிக்கு வெளியே, தேயிலை ஓரமாக இடம் பார்த்தோம். மண்வெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் நம் கோயிலில் துக்க மணி கிடையாது. சம்மனசாக மோட்சத்துக்குப் போகிறது என்று திருநாள் மணி அடிப்போம். எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு நான் அடித்திருக்கிறேன். அன்றைக்கு நான் கயிற்றைத் தொடவில்லை.

இரண்டு காரியம் கேட்கிறேன். லூர்துவுக்குப் பிள்ளை பிறக்கும் வரை இது தெரியக்கூடாது. தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள், வயிற்றில் இருப்பதும் தங்காது. இது அந்தோனியம்மாவே சொன்னது. ஆனால் அவள் பொய் எழுதமாட்டேன் என்கிறாள். கோயில் விஷயத்தை மட்டும் எழுதுவாளாம்.

இரண்டாவது, அந்தப் பெயர். சிலுவை நட்டிருக்கிறோம், அதில் எழுத ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் அங்கே போய் நிற்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. லூர்துவிடம் எப்படியாவது பேச்சுக்கொடுத்துக் கேட்டுப்பாருங்கள்.

செபமாலை


றொசல்ல
9-9-1956

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள லூர்து, நீ எப்படி இருக்கிறாய்? காளியாயி சொல்கிறபடி கேள். கால் வீங்கினால் வெந்நீர் ஊற்று.

உன்னுடைய இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். தாமதத்தை மன்னித்துக்கொள். கோயில் கூரையில் மாதா சொரூபத்துக்கு நேர் மேலே ஒழுக்கு. லியனார்ட் அண்ணன் ஏணி போட்டு ஏறிப் பழைய தேயிலைப் பெட்டித் தகரத்தை அடித்திருக்கிறார். மழை பெய்தால் செபத்துக்கு நடுவில் பறை கொட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது. மணிக்கயிறு இற்றுப்போய்ப் புதுக்கயிறு வாங்கினோம். பீடத்து மேல்துணியை நானே துவைக்கிறேன். நீலம் இப்போது திட்டு விழுவதில்லை. நிறைய நேரம் அலசுகிறேன், அதனால் இருக்கும்.

மாதா பிறந்தநாளுக்குப் பாட நேற்று ஆள் குறைவு. நான் பாடவில்லை. சவரியம்மா அக்கா தனியாக இழுத்தது. உனக்குத்தான் அந்தக் குரல் தெரியுமே.

லூர்து, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெயரை எனக்கு எழுதேன். நம் கோயில் வழக்கம் எனக்குத் தெரியும். நீ எழுதியதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும்.

அந்தோனியம்மாள்


கந்தப்பளை
7-10-1956

சேசு மரி சூசை.

அன்பு மதினிக்கு, நான் சுகம். பிள்ளை உதைக்கிறது. உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன், ஏனென்றால் போன கடிதத்தில் நீங்கள் இங்கே சுகம் என்று ஒரு வார்த்தை எழுத மறந்துவிட்டீர்கள்.

அது மட்டுமா? கூரை ஒழுக்கு, மணிக்கயிறு, சவரியம்மா அக்காவின் குரல், எல்லாம் எழுதினீர்கள். என் மகளைப் பற்றி ஒரு வரி உண்டா? பல் முளைத்ததா? குப்புற விழுகிறாளா? கோபம் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டும் போய் செப்டம்பரும் போய்விட்டது, நான் எழுந்தபாடில்லை. இனிப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் படுக்கைதான். வேறு ஆளை நிறுத்தியிருந்தால் அண்ணன் சொல்லியிருப்பார். எனக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். இதை நினைத்தால் நாள் முழுக்கப் படுத்திருக்கிற கஷ்டம் தெரியவில்லை.

பெயரைக் கேட்டு மயக்கப் பார்க்கிறீர்களா? இங்கே இவரும் ஒரு மாதமாக அதே வேலை. "சொல்லேன், சொல்லேன்" என்கிறார். போன வாரம் கேட்டபோது கண்ணில் தண்ணீர். "என்ன இது?" என்றால், "வெங்காய மூட்டை பிரிச்சேன்" என்கிறார். அண்ணனும் நீங்களும் தூண்டிவிடுகிறீர்கள் என்று புரிந்துவிட்டது. முடியாது! இந்த ஒரு காரியத்திலாவது நான் ஒழுங்கான ஞானத்தாயாக இருக்க வேண்டாமா?

என்னுடையதும் பிறந்தவுடன் நான் அங்கே வருகிறேன். நம் கோயிலில், அந்தப் பித்தளைத் தாம்பாளத்தின் முன்னால் இரண்டு பிள்ளைக்கும் ஒரே நாளில். உங்கள் மகளுக்கு நான், என் பிள்ளைக்கு நீங்கள்.

லூர்து


றொசல்ல
12-11-1956

அன்புள்ள மாப்பிள்ளைக்குச் செபமாலை எழுதுவது. நீங்கள் முயற்சி செய்தது தெரியும். இனிமேல் கேட்க வேண்டாம், அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். லூர்துவின் கடிதத்தை அந்தோனியம்மா படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பதில் எழுதவும் உட்காரவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை சுவாமி வந்து கல்லறைகளை மந்திரித்தார். வருடத்துக்கு ஒரு தடவை, வேலி ஓரமாகவே சுற்றித் தீர்த்தம் தெளிப்பது வழக்கம்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க லியனார்ட் அண்ணன் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலிக் கம்பு உளுத்துப்போச்சு, மாற்ற வேண்டும் என்றார். துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மேற்குப் பக்கத்து வேலி முழுவதும் தேயிலைப் பக்கமாக பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறது. பாப்பா உள்ளே இருந்தாள்.

"அண்ணே, இது..." என்றேன். "பழைய குழி எல்லாம் வேர் அடைச்சுக்கிச்சு. புதுக் குழியில நட்டேன். அவ்வளவுதான். நீ போய் மணிய அடி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பூசைக்குப் பிந்தி வந்தால்கூட எங்களை முழங்காலில் நிறுத்துகிற மனிதர் அவர்.

சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் புதுக் கம்புகளைப் பார்த்தார். பெயரில்லாத சிலுவையைப் பார்த்தார். பிறகு லியனார்ட் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றார். சுவாமி வேலி போகிற வழியே சுற்றித் தெளித்துக்கொண்டு போனார்.

அந்தோனியம்மா வீட்டுக்கு வந்து, ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

செபமாலை


கந்தப்பளை
27-1-1957

சேசு மரி சூசை.

மதினி, மதினி! ஆண் பிள்ளை. போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் தேதி. காளியாயி குண்டு என்கிறாள். புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த காலையில் பிறந்தான். நானும் சுகம். அங்கே எல்லாரும் சுகம் என்று இந்தத் தடவையாவது ஒரு வரி எழுதுங்கள்.

நான்கு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணன் மட்டும் கிறிஸ்துமஸ்ஸுக்கு இரண்டு வரி எழுதினார். கோபம் எல்லாம் இத்தோடு போதும். நாற்பது கழிந்ததும் மார்ச் பூசைக்கு வருகிறோம். உங்கள் மகள் அதற்குள் எழுந்து நிற்பாள். பெரிய பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்துச் சுவாமி சிரிக்கப்போகிறார். சட்டை இறுகிவிட்டதா? இறுகியிருந்தால் சொல்லுங்கள், பக்கத்தில் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன்.

இவனுக்கு நீங்கள் வைக்கப்போகிற பெயரை என்னிடம் சொல்லாதீர்கள். நான் கேட்கவும் மாட்டேன்.

நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள். இப்போது நாங்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

லூர்து


றொசல்ல
1-2-1957

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள லூர்து, உன் கடிதம் நேற்று வந்தது. உட்கார்ந்து படி. றோலண்ட் தம்பியைப் பக்கத்தில் இருக்கச் சொல். அவருக்கு எல்லாம் தெரியும். அவரைக் கோபிக்காதே, நாங்கள்தான் சொல்ல வேண்டாம் என்றோம்.

எனக்காகக் காத்திருக்காதே. மார்ச் வேண்டாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கந்தப்பளைக் கோயிலுக்கே போ. அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களை ஞானத்தாயாக நிறுத்து. சுவாமி இல்லை என்றால், பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் போதும், நீயே தண்ணீரை ஊற்று. வீட்டில் ஊற்றிய பிள்ளைகள் தங்கவில்லை என்ற பேச்சை நம்பாதே. பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்குத்தானே அப்படி ஊற்றியிருப்பார்கள்? எனக்கு இது பிறகுதான் புரிந்தது.

பாப்பா போன வருடம் ஜூலை இருபத்தைந்தாம் தேதி போய்விட்டாள். சளிதான். அவள் தலையில் தண்ணீர் விழவில்லை.

உன்னால் அல்ல. இதைத் திரும்பவும் எழுதுகிறேன், உன்னால் அல்ல. ஊற்றவா என்று உன் அண்ணன் கேட்டபோது வேண்டாம் என்றது நான்.

சட்டையை அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி போட்டுப் பார்க்கவில்லை. உன் மகனுக்குப் போடு. கழுத்துப் பூவேலை ஆண் பிள்ளைக்கும் அழகாகத்தான் இருக்கும்.

பெயரைச் சாமியார் கேட்கும் வரை ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை. லியனார்ட் என்று வை. அந்த அண்ணன் எங்களுக்குச் செய்ததை றோலண்ட் தம்பி சொல்லுவார்.

அந்தோனியம்மாள்


கந்தப்பளை
10-3-1957

சேசு மரி சூசை.

மதினிக்கு.

ஒரு மாதமாக எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும், அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலைப் பூசைக்கு அவனைக் கொண்டுபோனோம். அந்தச் சட்டையைத்தான் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். "ஞானத்தாய் இவங்களா?" என்று இங்குள்ள சுவாமி கேட்டார். "இல்ல சாமி, ஞானத்தாய் றொசல்லயில இருக்காங்க. அவங்க வர நேரமில்ல, அதனால இவங்கள வச்சுக்கறேன்" என்றேன்.

"எதுக்கும்மா வேற ஆளு?" என்றார் அவர். "வர முடியலைன்னா அவங்க பேருக்கு இன்னொருத்தங்க புள்ளையப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். ஞானத்தாய் அவங்கதான். புத்தகத்துலயும் அவங்க பேரத்தான் எழுதுவோம். இது எப்பவும் உள்ளதுதானே."

இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உங்கள் பெயரைச் சொல்லிப் பிலோமினம்மா நின்றது. லியனார்ட் என்று பெயர் வைத்தோம். நீங்கள்தான் அவனுக்கு ஞானத்தாய். நீங்கள் வராமலேயே.

மதினி, ஜூன் மாதத்தில் சவரியம்மா அக்கா என் பெயருக்கு நின்றிருந்தால் போதுமாயிருந்தது. நான் படுத்த இடத்திலிருந்தே ஞானத்தாயாக இருந்திருப்பேன். பெயரை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தால் போதும். பாப்பா வேலிக்கு வெளியே கிடந்திருக்கமாட்டாள். இதை ஏன் நமக்கு யாரும் சொல்லவில்லை?

பெயர் செசிலி. பாட்டுக்காரர்களுக்குக் காவலான அர்ச்சியசிஷ்டவளின் பெயர். ஒரே பாட்டுப் புத்தகத்தை நாம் இருவரும் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து வைத்தேன்.

நீங்கள் கேட்டபோது நான் சொல்லியிருக்கலாம்.

லூர்து


றொசல்ல
28-4-1957

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள லூர்து, இங்கே நாங்கள் சுகம். நீயும் றோலண்ட் தம்பியும் சின்ன லியனார்ட்டும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கல்லறைக்குப் போய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெரிய வாரத்துக்கு முன் லியனார்ட் அண்ணன் சிலுவையில் கறுப்புப் பெயின்டால் எழுதினார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுகிற அதே எழுத்து. ஈஸ்டர் காலையில் உன் அண்ணன் மணியைப் பிடித்தவர் விடவேயில்லை. ஜனம் எல்லாம் உள்ளே போய் முழங்காலில் இருந்தது, மணி நிற்கவில்லை. லியனார்ட் அண்ணன் வாசலுக்கு வந்து பார்த்தார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சும்மா நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். சுவாமி காரணம் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே வழி சொல்லியிருப்பார். லியனார்ட் அண்ணனுக்கு இது தெரியாது. நம் கோயிலில் எந்தப் பிள்ளையின் ஞானத்தாயும் அடுத்த தோட்டத்தைத் தாண்டி இருந்ததில்லை. அவருக்குத் தெரிய வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் அவர் உபதேசியார். தெரிந்திருக்க வேண்டியவர் என்று அவரே நினைப்பார். அந்தக் குழியை வெட்டியது அவர் கை. இனி அவர் காதுக்கு இது போகக்கூடாது. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவர் பெயரை வைத்தது தெரிந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. தினமும் வந்து, "எம் பேரன் என்ன செய்றானாம்?" என்று கேட்கிறார். போன ஞாயிறு, "நீ கந்தப்பளைக்குப் போகவே இல்லையே, அப்ப ஞானத்தாய் யாரு?" என்றார்.

"பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாண்ணே" என்றேன்.

"அப்படியா? நீ இருக்க வேண்டியது. போகட்டும், புள்ளைக்கு நேரத்துல முடிஞ்சுதே" என்றார்.

நீங்கள் இருவரும் இங்கே வரும்போது அப்படியே சொல்லுங்கள். பையன் வளர்ந்தாலும் அவனிடமும் சொல்ல வேண்டாம், லியனார்ட் அண்ணன் காதுக்கு வந்துவிடும். நான் அவனுக்கு அத்தை. அது போதும்.

உனக்கு ஒரு வரிகூடப் பொய் எழுதாமல் ஆறு மாதம் ஓட்டினேன். இந்தப் பொய்யை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மே மாதப் பூசைக்குச் சுவாமி வருகிறார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மதினி,
அந்தோனியம்மாள்